ரமோனாவின் இடது பக்கத் தரை

வேராகுரூஸ் துறைமுகம்,
ஜூலை 11.

மகா கனம் பொருந்திய என் கொம்பாத்ரே, ரமோனாவின் ஞானத்தகப்பன் எர்மிலோ அவர்களின் சமூகத்துக்கு, சுங்கத்துறையில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற எவரிஸ்தோ உஸ்காங்கா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் வீட்டுக்காரி நிகாந்த்ராவும், அவளுடைய இரண்டு கிளிகளும் சௌக்கியம். பியூப்லாவில் உமது முழங்காலும் உங்கள் ஊர் எரிமலையும் அடங்கிக் கிடக்கின்றன என்று நம்புகிறேன். ரமோனா மட்டும் சௌக்கியமில்லை. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் வாசலில் என் வோச்சோ கார் ரமோனாவின் வண்டு முதுகில் கை வைத்து, “இவளுக்கு நான்தான் ஞானத்தகப்பன்” என்று ஊரறியச் சொன்னவர் நீர். அன்றிலிருந்துதான் நீர் எனக்கு ஞானச் சம்பந்தி, கொம்பாத்ரே ஆனீர். குழந்தைக்கு ஞானத்தகப்பன் செருப்பு வாங்கிக் கொடுப்பது வழக்கமா இல்லையா? காருக்குக் கால் கிடையாது, தரைதான் உண்டு. ஆகவே தரை வாங்கித் தருவது உமது கடமை. கோபப்படாமல் மேலே படியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நிகாந்த்ராவை மீன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு சங்கரா மீன், ஒவ்வொன்றும் கை நீளம், பையில் போட்டுத் தன் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடற்கரைச் சாலையில் திரும்பும்போது ‘பொத்’தென்று ஒரு சத்தம். டயர் போலிருக்கிறது என்று நான் கண்டுகொள்ளவில்லை. “ஏங்க, மீன் எங்க?” என்றாள். “உன் காலடியிலதானே வெச்ச?” என்றேன். “என் காலடியில ரோடுதாங்க இருக்கு” என்றாள். குனிந்து பார்த்தால் சத்தியமாக ரோடு! சாலையோரக் கோடு வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை ஊது ஊதென்று ஊதி, “பெரியவரே, நில்லுங்க! உங்க வண்டி மீன் போட்டிருக்கு!” என்று கத்துகிறார். கோழி முட்டை போடுவதைச் சொல்வதுபோல் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாரும். நான் இறங்கி ஓடுவதற்குள் ஒரு பெலிக்கன் வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இன்னொன்றின் மேல் லாரி ஏறியிருந்தது. அன்றைக்கு வீட்டில் முட்டைதான்.

சாப்பிட்டு முடித்ததும் நிகாந்த்ரா கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “அடுத்த மாசம் இருபத்தஞ்சாம் தேதி வண்டிக்காரங்க சாமி சான் கிறிஸ்தோபல் திருநாள். அன்னைக்கு இந்த வண்டி தரையோட ஊர்வலத்துல போகணும். இல்லையா, அன்னைக்கே இரும்புக்காரன்கிட்ட போகணும்.” உமக்குத் தெரியுமே, தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ‘பழைய மெத்தை, பழைய அடுப்பு, பழைய இரும்பு’ என்று ஒப்பாரி வைத்துவரும் அந்த லாரி? அது இப்போதெல்லாம் நம் வாசலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கிறது. அந்த ஆள் ரமோனாவை மேலும் கீழுமாகப் பெண் பார்ப்பதுபோல் பார்க்கிறான். நான் ஓடிப்போய்த் தார்ப்பாயைப் போட்டு அவளை மூடுகிறேன் ஐயா!

உடனே டிங்கர் ஃபிலேமோனை வரவழைத்தேன். அவன் முன் சீட்டுகளைக் கழற்றினான், ரப்பர் பாயைத் தூக்கினான், அதன் கீழே நான் ஆசையாகப் போட்டிருந்த தேங்காய்நார் விரிப்பைத் தூக்கினான், அதன் கீழே தரை இருக்க வேண்டும், இல்லை. ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது விரல் பட்டதும் பொரித்த தொர்த்தியா ரொட்டிபோல நொறுங்கியது. விரிப்பைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வருகிறது. “அண்ணே, தண்ணி வடியற ஓட்டைய எல்லாம் யாரு கார்க் வெச்சு அடைச்சது?” என்றான். மழைக்காலத்தில் நண்டு ஏறி வருமே என்று நான்தான் அடைத்தேன் என்றேன். “நண்டு வந்தா தானே போயிடும் அண்ணே. தண்ணி எப்படிப் போகும்?” என்றான். இருமினேன். அப்புறம் அவன் துருவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு” என்றான். வேறென்ன, கடல்தான் என்றேன். “கடல் கீழேருந்து இல்ல தின்னும்? அடிப்பக்கம் நீங்க வருஷா வருஷம் பழைய ஆயில் அடிச்சதால மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. பாட்டரிக்கு அடியிலகூட நல்லா இருக்கு. இது மேலேருந்து தின்னிருக்கு. உள்ள உப்புத் தண்ணிய யாரு அண்ணே ஊத்தினது?”

எர்மிலோ, நீரே சொல்லும். யார் ஊற்றியது? நீர்தான் ஊற்றினீர்! திருநாளன்று மற்ற வண்டிகளுக்கெல்லாம் சாமியார் பானெட்டின் மேல் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளிப்பார். நீர், “என் மகளுக்கு வெறும் நாலு சொட்டா?” என்று மார்தட்டிக்கொண்டு கோயில் வாளியையே பிடுங்கி, கதவைத் திறந்து உள்ளே கவிழ்த்தீர். ஒரு வருஷமா இரண்டு வருஷமா, பதினெட்டு வருஷம்! நீர் வராத இந்த நாலு வருஷமும் உமது சார்பில் நானே கவிழ்த்தேன். துணியோடு வந்த நிகாந்த்ராவை, “ஆசீர்வாதத்தைப் போய் யாராவது துடைப்பாங்களா?” என்று இரண்டு பேரும் சேர்ந்துதானே விரட்டினோம்?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நேரே கௌதென்சியோ சாமியாரிடம் போனேன். “சாமி, தீர்த்தத்துல உப்பு போடுவீங்களா?” என்றேன். “போடுவோமே, ஒரு கை மந்திரிச்ச உப்பு. பேய் பிசாசு அண்டாது” என்றார். “பேயெல்லாம் போயிடுச்சு சாமி. போகும்போது தரையையும் கூடவே எடுத்துட்டுப் போயிடுச்சு” என்றேன். மனுஷர் அங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், “நான் தெளிச்சேன். குளிப்பாட்டச் சொன்னேனா? வீட்டுல குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்தா துவட்ட மாட்டீங்களா?” என்று என்னையே திட்டினார். இந்த வருஷம் நாலு சொட்டு, பானெட்டின் மேல், உடனே துடைத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

இந்த வண்டிக்குத் தரை இரண்டு பாதியாகத்தான் வரும்; அதில் வலது பாதித் தகடு ஒன்று ஃபிலேமோனிடம் இருந்தது. கதவுகளுக்கு நடுவே கம்பி கொடுத்து உடம்பு தொய்யாமல் நிறுத்தி, துருவெல்லாம் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டினான். பின் சீட்டையும் கழற்ற வேண்டும் என்றான். அது எதற்கப்பா வீண் வேலை என்று சொன்ன புத்திசாலி யார்? நானேதான். வெல்டிங் பொறி பறந்து சீட்டுக்குள் இருந்த நாரில் பிடித்துக்கொண்டது. புகை கண்டு நிகாந்த்ரா ஓடிவந்து, மேஜையில் இருந்த செம்பருத்தி சர்பத்தை ஜாடியோடு வீசினாள். தீ அணைந்தது. ரமோனாவின் உட்புறமும் என் சட்டையும் ஒரே சிவப்பு, மறுநாள் ஊர் எறும்பு பூராவும் வந்து குடியேறியது. “சர்க்கரைத் தண்ணியும் இரும்புக்கு ஆகாது அண்ணே” என்று ஃபிலேமோன் தலையில் அடித்துக்கொண்டு, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் மின்விசிறி போட்டுக் காயவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசி, இணைப்புகளில் பசை அடைத்து, அடியில் தார் அடித்தான். கார்க் எல்லாவற்றையும் கடலில் எறியச் சொன்னான், எறிந்தேன். வலது பக்கம் இப்போது டான்ஸ் ஆடலாம்.

இடது பக்கம்தான் பாவம். ஓட்டுகிறவன் கால் வைக்கும் பக்கம்! ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி அதில் கால் வைத்து ஓட்டுகிறேன். சிக்னலில் நின்றால் தெருக்காரர்கள் குனிந்து பார்த்து, “என்ன பெரியவரே, நடந்து போறீங்களா, ஓட்டிட்டுப் போறீங்களா?” என்கிறார்கள். ஃபிலேமோன் மதுக்கடையின் பழைய தகரப் பலகையை வெட்டிப் போடலாம் என்றான். கோயிலுக்குப் போகிற வண்டிக்கு அதுவா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன், இடது பாதி கிடையாது. ரமோனா தொழிற்சாலையில் பிறந்த ஊரே உங்கள் ஊர்தான், அங்கே தெருவுக்கு ஒரு பழைய பாகக் கடை. ஆகவே கொம்பாத்ரே, ஒரு நல்ல இடது பாதியாகத் தட்டிப் பார்த்து வாங்கும். பார்சலில் மட்டும் போட்டுவிடாதீர், வளைத்துவிடுவார்கள். யாரிடமும் கொடுத்தும் அனுப்பாதீர், தொலைத்துவிடுவார்கள். நீரே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இருபத்துநாலாம் தேதிக்குள் வந்து சேரும். ஆயுசு முழுக்க அடுத்தவன் சரக்குக்கு முத்திரை குத்தினேன், எனக்கென்று இருப்பது இந்த ஒருத்திதான். அவளை அந்த லாரியில் ஏற்றினால் நான் நடுத்தெருவில் அழுவேன், சொல்லிவிட்டேன்.

உமது தங்கைக்கும் அவள் வீட்டாருக்கும் எங்கள் அன்பு. கிளிகள் உமது பெயரை இன்னும் மறக்கவில்லை, ஆனால் கூடவே நீர் கற்றுக்கொடுத்த வசவையும் மறக்கவில்லை. சான் கிறிஸ்தோபல் உமது பாதையையும் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
தரையில்லாமல் தவிக்கும் உமது கொம்பாத்ரே,
எவரிஸ்தோ.

பின்குறிப்பு: கடிதத்தை நிகாந்த்ரா படித்துவிட்டாள். கொம்பாத்ரேயிடம் பொய் சொன்னால் ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், பேனாவை மூடவிட மாட்டேன் என்கிறாள். ஆகவே உண்மை. இடது பாதி ஹலாபா ஊர்க் கடையில் கிடைத்து ஒன்பது நாளாகிறது. போட்டு, தார் அடித்து, நேற்று கடற்கரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவந்தோம், மீன் ஒன்றும் விழவில்லை. இரும்புக்காரனிடம் கொடுப்பேன் என்று அவள் சொல்லவே இல்லையாம். சரி, சொல்லவில்லை. உமது வீட்டுக்காரி எவுலாலியா கண்மூடிய பிறகு நாலு வருஷமாக “வாரும்” என்று எழுதினால் முழங்கால் என்கிறீர், மழை என்கிறீர். ஞானமகளுக்கு ஆபத்து என்றால் எப்படியும் கிளம்பிவிடுவீர் என்று நினைத்தேன். உம்மைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தரை வேண்டாம் ஐயா. வெறுங்கையோடு வாரும்.