மாற்றி அடித்த மொட்டை

தெல்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கிருஷாந்தன் அவர்களுக்கு, மாமியார் பாலம்மா எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். உங்கள் சுகத்தை மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இப்போது கேட்க மனமில்லை.

அன்று கோயிலில் இருந்தவர்கள்: நான், என் மகள் நிஷாந்தினி, நிஷாந்தினியின் அப்பா, தாய்மாமன் யுகேஷ், மொட்டை அடிக்க வேண்டிய என் பேத்தி தனுஷிகா, மொட்டை அடிக்கக் கூடாத வத்தேகம ஜெயராணியின் மகள், பிறகு நீங்கள். உங்களை இருந்தவர்களில் சேர்ப்பதா என்று யோசித்துத்தான் கடைசியில் போட்டேன், உங்கள் கண் போனில் அல்லவா இருந்தது.

நிஷாந்தினி பிள்ளையை உங்கள் கையில் தந்துவிட்டு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனாள், நான் பொங்கல் பானையடியில் நின்றேன், அங்கே ஊர்ப் பானையெல்லாம் ஒன்றுபோல் கொதித்தது, என் பானையைக் கரி பிடித்த பக்கத்தை வைத்தே நான் கண்டுபிடிப்பேன், நீங்களோ மாமன் உட்கார்ந்ததை வீடியோ எடுக்கப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, போனைப் பார்த்தபடியே குனிந்து, மஞ்சள் சட்டை போட்ட ஏதோ ஒன்றைத் தூக்கி யுகேஷ் மடியில் வைத்தீர்கள். அவன் முந்தின நாள்தான் கட்டாரிலிருந்து வந்தவன், மருமகளை முதல்முறை பார்க்கிறான், அவனுக்கு என்ன தெரியும்? பாதித் தலை வழித்த பிறகு, கடலை தின்றுகொண்டே வந்த தனுஷிகா உங்கள் காற்சட்டையை இழுத்து "அப்பா" என்றாள். பிள்ளைக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது.

ஜெயராணி போட்ட சத்தம் நாவலப்பிட்டி வரை கேட்டிருக்கும். "கதிர்காமத்துக்கு நேர்ந்த முடிய்யா! இனி முருகனுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

"அக்கா, என் முடியையும் எடுத்துக்கங்க. ரெண்டையும் நானே கதிர்காமம் கொண்டு போறேன்" என்று நீங்கள் தலையை நீட்டினீர்கள்.

"ஏங்க, முருகன் என்ன ஸ்பெயார் பார்ட்ஸா கேட்டாரு?" என்றாள் ஜெயராணி.

கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீங்கள் போட்டுக்கொண்ட மொட்டைக்கு ஏற்ற தலையும் அது இல்லை.

நிஷாந்தினியின் அப்பா மட்டும் தேங்காயைக் கடித்துக்கொண்டு, "விடு பாலம்மா, அந்த வயசுல எல்லாப் புள்ளையும் ஒண்ணுதான். ஆம்பளைக்கு எப்படித் தெரியும்?" என்றார். நிஷாந்தினி சின்னதில் காய்ச்சலோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்து, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு பிஸ்கட் ஊட்டிவிட்டுத் திரும்பிப் போனவர் இவர்தான். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

எத்தனை கூட்டத்திலும் அப்பா நம்மைக் கண்டுபிடிப்பார் என்ற தைரியம் ஒரு பிள்ளைக்கு வேண்டும் மாப்பிள்ளை. என் மகளுக்கு அது கிடைக்கவில்லை. தனுஷிகாவுக்கும் கிடைக்காவிட்டால் நாளைக்கு அவள் தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பாள்? ஆகையால் தாயையும் பிள்ளையையும் உங்கள் கண்டி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். நீங்கள் வந்து தட்டினாலும் கதவு திறக்காது.

நோய்நொடி இல்லாமல், முடி சீக்கிரம் முளைத்து நன்றாயிருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமியார் பாலம்மா.

பி.கு.: தனுஷிகா வாசலிலேயே நிற்கிறாள். ரோட்டில் போகிற மொட்டைத் தலையை எல்லாம் "அப்பா" என்று கூப்பிடுகிறாள், நேற்று பன்சலைப் புத்த சாது ஒருவர் நின்று சிரித்துவிட்டுப் போனார். சோறு இறங்கவில்லை அவளுக்கு. இரண்டு முடியையும் ஒரே மஞ்சள் துணியில் கட்டிக் கதிர்காமத்தில் சேர்த்தீர்களாம், ஜெயராணி போனில் சொன்னாள். உங்களை மன்னித்தாயிற்று, அடுத்த பஸ்ஸில் வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. தனுஷிகாவின் மொட்டை இன்னும் பாக்கி, இந்த முறையும் நீங்கள்தான் தூக்கி வைக்க வேண்டும்.

மன்னிக்க முடியாதவர் ஒருவர்தான். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை, அதனால் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த நாள் முதல் 'நிஷாந்தினியின் அப்பா' என்றே சொல்லி வந்தேன். அந்தப் பெயருக்கு அவர் ஒரு வேலையும் செய்யவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டேன். இனி அவர் வெறும் திருச்செல்வம்.