மஞ்சள் செம்பருத்திக்குக் காவல் நின்ற ஊசியம்மா

ஆயிரம் பேர் கூடியிருக்கும் தெருவை அரை நிமிஷத்தில் காலி செய்யக்கூடியவர் திருத்தணியில் ஒருவர்தான் இருந்தார். அவர் ஊசியம்மா. அம்மை குத்துவது அவர் உத்தியோகம். கறுப்புக் குடையும் தகரப் பெட்டியுமாக அவர் தெருமுனையில் திரும்பினால் நாய்கூட உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். பதிவுப் புத்தகத்தோடு பின்னால் நடந்த நரைமீசைக் குமாஸ்தா நான். யுத்தம் முடிந்த சமயம் அது.

அந்த அம்மாளின் ஒரே பலவீனம், மலைப்பாதையோரம் நின்ற ஒரு மஞ்சள் செம்பருத்திப் புதர். நாட்டுச் செடி. கே.ஜி.கண்டிகை வரை வேலி வேலியாகத் தேடியும் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. பூவின் சாயலைப் பார்த்து அதை வெண்டை என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள்.

"காயைப் பாருய்யா! வெண்டைக்காய் வெரலாட்டம் நீளும். இது கோலிகுண்டு மாதிரி, அஞ்சு றெக்கை வச்சிகினு கீது!"

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குச் சரியாகப் புதர் பூத்துத் தொலைத்தது. பூக்காவடிக்காரர்கள் விடுவார்களா? விதை முற்றும்வரை ஒரு மொட்டும் தருவதில்லை என்று ஊசியம்மா காலை எட்டு மணிக்கே புதர் முன்னால் குடை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு லீவா, அம்மா?" என்றேன்.

"யார் சொன்னது? டூட்டியே இங்கதான்."

பத்து மணிக்கு அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் பதினாலு பேர் வந்தார்கள். முன்னால் ஆறடி ஆள் ஒருவர். அவர் காவடியில் ஒரு பக்கம் பூச்சரம் அறுந்து போயிருந்தது.

"யம்மா, கொஞ்சம் நவுருங்க. முருகனுக்குப் பூ பறிச்சிக்கிறோம்."

"கையை நீட்டு. அம்மை குத்திகினு அப்பறம் பறி."

இந்த வசனத்துக்கு ஊரே ஓடும். அவரோ காவடியை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினார். பின்னாலேயே பதிமூன்று கைகள் நீண்டன.

ஊசியம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. பெட்டியிலிருந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஊசியை அதில் காட்டி, நிதானமாக ஆறவைத்து, முதல் ஆளுக்குக் குத்தினார். குத்திக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அஞ்சு இதழும் ஒண்ணு மேல ஒண்ணா சுத்திகினு கீது, பாத்தியா? அடியில கருஞ்செவப்பு. நடுவுல ஒரு தூணு, சுத்தி மகரந்தம், உச்சியில அஞ்சு பொட்டு."

அடுத்த ஆள். மறுபடி ஊசி, விளக்கு, ஆறவைத்தல்.

"பூவுக்கு அடியில பச்சையா ஒரு கிண்ணம். அதுக்கும் கீழ நூல் மாதிரி இன்னொரு வட்டம். இலையைத் தடவிப் பாரு. ரோமம் தெரியுதா?"

"ஆங், தெரியுது தெரியுது!"

எட்டாவது ஆள் நின்றபடியே கொட்டாவி விட்டார்.

கடைசிப் பெயரை நான் எழுதி முடித்தபோது மணி ஒன்றரை.

"பறிச்சிக்கோங்க," என்று ஊசியம்மா ஒதுங்கி நின்றார்.

புதரில் விரிந்த பூ ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சுருண்டு மூடியிருந்தன. காலையில் விரிந்து, உச்சி சாய்ந்ததும் மூடிக்கொள்ளும் ஜாதி அது.

"இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் ஆறடிக்காரர்.

"நீ கேட்டியா, நைனா?"

ஒரு கணம் முறைத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரளிப்பூவைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். அடுத்த வாரம் நாங்கள் அம்மையார்குப்பம் போனபோது ஒரு கதவும் சாத்தவில்லை. அந்த ஆறடிக்காரரே எங்களை வீடு வீடாகக் கூட்டிப்போனார்.

காய் முற்றி, வெடித்து, விதைகளைச் சரிவெங்கும் தூவி முடித்த கையோடு ஊசியம்மாவுக்கு மாற்றல் வந்தது. "ரைட்டரே, மொளைக்குதான்னு பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுமாதமே எனக்கும் சித்தூருக்கு உத்தரவு வந்தது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்து இரண்டு வருஷம் திருத்தணியிலேயே இருந்தேன். என் தாயார் அப்போது தினமும் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தார்.