புலியின் மூக்குக்கண்ணாடிக்கு மான்கள் போட்ட பூச்சு

ஒரு காட்டில் ஒரு புலிக்குக் கிட்டப்பார்வை வந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்பது மானா புதரா என்று தெரியாமல் இரண்டு முறை புதரைக் கடித்துவிட்டது. ஆகவே மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டது.

அன்று முதல் மான்களுக்கு நல்ல காலம். புலி எங்கே பதுங்கினாலும் கண்ணாடியில் வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னும். மரத்திலிருந்து மந்தி கத்தும். மான்கள் ஓடிவிடும். புலி பட்டினி கிடந்தது.

ஆராய்ச்சி அதிகாரி என்று கழுத்தில் அட்டை மாட்டிய நரி ஒரு திட்டத்தோடு வந்தது.

"மணலைக் கரைத்து நீராக்குவோம் ஐயா. அதில் மரப்பிசினைக் கலப்போம். கண்ணாடியை முக்கி எடுத்தால் மேலே ஒட்டியது நுங்கு மாதிரி உறையும். உலர்ந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். மணல் மட்டும் என்றால் வெடிக்கும், பிசின் மட்டும் என்றால் கீறல் விழும். இரண்டும் சேர்ந்தால் உறுதி."

"அதனால் எனக்கு என்ன?"

"வெயிலைத் திருப்பி அடிக்காது. உள்ளே விட்டுவிடும். மின்னவே மின்னாது."

புலி நாக்கைச் சுழற்றியது.

பூச்சுப் பட்டறை ஒன்று திறந்து ஆள் எடுத்தார்கள். மூன்று பிரதியில் விண்ணப்பம். மான்கள் வரிசையில் நின்றன. மந்திக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கொம்பையா, புலி கண்ணாடிக்கா வேலை செய்யப் போறீங்க?"

கொம்பையா மான்கள் சங்கத்தின் செயலாளர். கிளைவிட்ட கொம்பு, கணீரென்ற குரல்.

"பூச்சுன்னா என்ன மந்தியக்கா? பளபளப்பு! கதவுக்குப் பூசினா கதவு மின்னுது. கண்ணாடிக்குப் பூசினா ஒரு மைலுக்கு மின்னும். நம்ம உயிருக்கு நாமே போடுற காவல் இது."

"அப்படின்னா அதுக்குப் புலி ஏன் ஆசைப்படுது?"

"நீங்க நிர்வாகத்து ஆளு" என்றது கொம்பையா. சரியான கேள்வி கேட்பவருக்குச் சங்கத்தில் எப்போதும் இந்தப் பதில்தான் கிடைக்கும்.

வேலை தொடங்கியது. நரிக்கு அவசரம். பூசிய கண்ணாடியை உச்சிவெயிலில் சுடுபாறைமேல் வைத்து உலர்த்தச் சொன்னது. சாயங்காலத்துக்குள் பூச்சு வற்றிய ஏரி மாதிரி வெடித்தது. அதைப் போட்டுக்கொண்டு புலி வேட்டைக்குப் போனபோது முன்பு ஒரு இடத்தில் மின்னியது நூறு இடத்தில் மின்னியது. தவளைகூடத் தாவி ஓடியது.

"சோம்பேறி மான்களின் மட்டமான வேலை" என்று நரி நோட்டீஸ் ஒட்டியது.

கொம்பையாவுக்கு இரத்தம் கொதித்தது. பூச்சு வேலையில் கைதேர்ந்த சடைச்சி என்ற பெண்மானைக் கூப்பிட்டது.

"நம்ம வேலை மட்டமாம்மா?"

"வேலை சரிதான் அண்ணே, அவசரம்தான் கெடுக்குது. உள்ள இருக்கிற ஈரம் மெதுவா வெளியேறணும். நிழல்ல மூடிவெச்சு ஏழு நாள் விட்டா ஒரு விரிசல் வராது."

"அதுதான் கோரிக்கை!"

வேலைநிறுத்தம் தொடங்கியது. சுடுபாறை ஒழிக, ஏழு நாள் எங்கள் உரிமை என்று காடு அதிர்ந்தது. "மணலும் பிசினும் சேர்ந்தா வெடிக்காது தோழர்களே! நாமும் அப்படித்தான்!" என்று கொம்பையா கேட் கூட்டத்தில் முழங்கியபோது முயல்கூடக் கை தட்டியது. போராட்டம் இருபத்தொரு நாள் நடந்தது. அந்த இருபத்தொரு நாளும் புலி விரிசல் கண்ணாடியோடு அலைந்ததால் ஒரு மான்கூடச் சாகவில்லை. இதைத் துண்டறிக்கையில் போட யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் நிர்வாகம் பணிந்தது. ஊர்வலம், புல்மாலை, பேச்சு. புதிதாகப் பூசி நிழலில் ஏழு நாள் வைத்து, எட்டாம் நாள் விரிசலே இல்லாத கண்ணாடியைக் கொம்பையா தானே சுமந்துபோய்ப் புலியிடம் கொடுத்தது.

புலி மாட்டிக்கொண்டது. அதுவரை அந்த முகத்தில் மான்கள் பார்த்தது வெயிலையும் தங்கள் நிழலையும்தான். இப்போது இரண்டு மஞ்சள் கண்கள் தெளிவாகத் தெரிந்தன.

"பார்த்தீங்களா தோழர்களே! நிர்வாகம் முதல்முறையா நம்ம கண்ணைப் பார்த்துப் பேசுது!"

"அருமையான வேலை" என்றது புலி. "நாளைக்கு உங்கள் வெற்றிக் கூட்டம் குளக்கரையில்தானே?"

"ஆமாங்க. நடுப்பகல்ல."

திரும்பும் வழியில் சடைச்சி கேட்டது: "அண்ணே, கண்ணாடி மின்னவே இல்லையே?"

"இரும்மா. நன்றித் தீர்மானம் எழுதணும்."

மறுநாள் நல்ல வெயில். மந்தி மரத்தில் இருந்தபடி குளக்கரைப் புல்வெளி முழுக்க எங்காவது பளிச்சென்று மின்னுகிறதா என்று தேடியது. எங்கும் எதுவும் மின்னவில்லை. கொம்பையா தீர்மானத்தின் மூன்றாவது வரிக்கு வந்திருந்தது. மந்தி கத்தியபோது நான்காவது வரியை வாசிக்கச் செயலாளர் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் சடைச்சி எழுந்தது. "பழையபடி சுடுபாறையிலயே காயவைப்போம். விரிசல் விழட்டும்."

கூட்டம் கொந்தளித்தது. "தோழர் உயிரைக் கொடுத்து வாங்கின ஏழு நாளு! அதை விட்டுக்கொடுக்கறதா? நீ நிர்வாகத்து ஆளு!"

தீர்மானம் தோற்றது. புலி மாற்றுக் கண்ணாடி ஒன்று கேட்டிருந்தது. அதற்கும் நிழலில் ஏழு நாள் கொடுத்தார்கள். பட்டறைக்குக் கொம்பையாவின் பெயரை வைக்க நரி உடனே சம்மதித்தது.

நீதி: புலியிடம் வேலை பார்ப்பவர்கள் சங்கம் வைக்கக் கூடாது. வைத்தால் வேலை நன்றாக நடந்துவிடும்.