சம்பந்தியம்மாள் சொன்ன ஒரு சொல்

"ஸ்லிம்!" என்றாள் அலைடா.

எக்கார்ட்டின் கையிலிருந்த கத்தி நின்றது. பாலாடைக்கட்டியைச் செங்கல் கனத்துக்கு வெட்டியிருந்தார். இந்த வீட்டில் அதைக் காகிதம்போல் சீவித்தான் தின்பார்கள் போலிருக்கிறது.

ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர் அவர். சந்தேகம் உடம்போடு ஊறியது. மகள் ஃப்ரீடரிக்கே எல்லை தாண்டி ஒரு டச்சுக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். மாப்பிள்ளையின் அம்மாதான் இந்த அலைடா. முதல் சந்திப்பு. அவள் பேச்செல்லாம் அவர் காதில் கூழாங்கல்லை உருட்டியதுபோல் விழுந்தது. அந்த ஒரு சொல் மட்டும் பளிச்சென்று கேட்டது. அவருடைய ஜெர்மனில் அதற்கு 'மோசம்' என்று பொருள்.

சரிக்கட்ட வேண்டுமே! எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தார். கன்னங்கரேலென்று இருந்த இரும்புச் சட்டியைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளியாக்கினார்.

அலைடா சட்டியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். "ஸ்லிம்! ஸ்லிம்!"

கல்யாணம் நின்றுபோனால்? எக்கார்ட் தோட்டத்துக்கு ஓடிக் களை பிடுங்கினார். பிடுங்கியதில் வெங்காய வாசனை அடித்தது. இந்த ஊர்க் களை அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டார்.

சன்னலிலிருந்து அலறல் வந்தது. "ஸ்லிம்! ஸ்லிம்! ஸ்லிம்!"

மாடிக்கு ஏறினார். மகள் கல்யாணத்தன்று சாயங்காலம் போடப்போகும் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. உன் மாமியாருக்கு என்னைக் கண்டாலே ஆகல. மூஞ்சிக்கு நேரா மோசம்கறா."

"என்ன சொன்னாங்க?"

"ஸ்லிம்."

மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தாள். "அப்பா, டச்சுல அதுக்கு 'கெட்டிக்காரத்தனம்'னு அர்த்தம்! ஆதியில ரெண்டு பக்கமும் ஒரே சொல்தான், 'கோணல்'னு. கோணல் நம்ம பக்கம் மோசமாச்சு. இங்க தந்திரமாகி, அப்புறம் கெட்டிக்காரத்தனமாச்சு. இங்கிலீஷ்காரன் இவங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போய் ஒல்லியாக்கிட்டான்."

எக்கார்ட் தொப்பையைத் தடவிக்கொண்டார். "ஒல்லி இல்லே. அப்போ கெட்டிக்காரன்தான்!"

துள்ளலோடு இறங்கி, மிச்சமிருந்த பாத்தியையும் மொட்டையடித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, நீங்க காலையிலேருந்து சொல்றது இப்பத்தான் புரிஞ்சுது. ரொம்ப சந்தோஷம்!"

அலைடா சன்னல் வழியே மொட்டைப் பாத்தியைப் பார்த்தாள். அதுவரை சூப்பைத் தவிர எதற்கும் வாய் திறக்காத அவள் புருஷன் பேரெண்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"புரிஞ்சா சரி, சம்பந்தி. உங்களுக்காகவே இவ வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டா. காலையிலேருந்து டச்சுல ஒரு வார்த்தை பேசல, அத்தனையும் ஜெர்மன்தான்."