இரண்டு விசில் மயில்கொன்றை

எனக்குப் பொறுமை கிடையாது. இதைச் சொல்ல வெட்கமில்லை. அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் வெட்கம்.

அப்பா சுரங்கத்தில் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டில், பீரோ எதைப் பற்றியும் அப்பா கவலைப்படவில்லை. கேட் ஓரம் அம்மா வைத்த மஞ்சள் மயில்கொன்றையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கி எடுத்துப்போக முடியாத அளவுக்கு அது வேர் விட்டிருந்தது. காய்ந்த காய்களையெல்லாம் பறித்து, விதைகளை உரித்து என்னிடம் கொடுத்தார்.

"மந்தாரக்குப்பம் புது வூட்லயும் இது பூக்கணும்மா. நீ படிச்சவ, எப்படியாவது முளைக்க வெச்சுடு."

(படித்தது பி.காம். அதில் கொன்றை வராது.)

எதிர் குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் யோசனை கேட்டேன். "வெதை ஓடு கல்லு மாதிரி இருக்கும்டி. தண்ணிய கொதிக்க வெச்சு எறக்கிட்டு, அதுல போட்டு ராத்திரி பூரா ஊற வை" என்றார்.

மூட்டை கட்டுகிற அவசரத்தில் ராத்திரி பூரா யார் காத்திருப்பது? ஊறப்போட மறந்த கொண்டைக்கடலைக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். குக்கர், இரண்டு விசில். (ஓடு நன்றாக இளகிவிட்டது என்று பூரித்துப்போன மடச்சி நான்.) அவ்வளவு விதையையும் பெயின்ட் டப்பாக்களில் ஊன்றி, புது வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அப்பா முன்பு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய நேரத்துக்கே எழுந்து தண்ணீர் ஊற்றினார். "இன்னும் தூங்கிகினு இருக்குது" என்பார். ஒரு மாதம் தூங்கியது.

ஸ்டெல்லா ஆன்ட்டி வீடு பார்க்க வந்தபோது குட்டு உடைந்தது.

"ஒழுங்கா ஊற வெச்சியா?"

"குக்கர்ல வெச்சேன் ஆன்ட்டி. ரெண்டே விசில்."

"அடிப்பாவி! சுண்டலையாடி வெதச்ச?"

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். புதிதாகக் குடிவந்தவர்கள் பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று செடியை வெட்டிவிட்டார்களாம். நர்சரியில் இதே செடி கிடைக்கும். ஆனால் அது அம்மா வைத்ததில்லையே. ஓவென்று அழுதேன்.

"உங்கம்மா உன்ன சமையல்கட்டுப் பக்கமே வுட மாட்டா. காரணமாத்தான் இருந்திருக்கா" என்று அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இப்போதும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வரும்: "குக்கருக்குள்ள யாரும்மா, உங்கம்மாவா?"

விதைக் கதை தெரிந்த விருந்தாளிகளெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் முதல் விசிலிலேயே அடுப்பை அணைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் பருப்பு வெந்து ரொம்ப நாளாகிறது.