பந்தில் பதின்மூன்று பவுண்டு காற்று

ஹேகன் டயர் கடை,
மினசோட்டா,
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனன் டுவேனுக்கு,

அத்தான் ஆர்லோ எழுதுவது. நானும் உன் அக்கா மார்லிஸும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிறன்று நீ தேவாலய விருந்துக்குச் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் நன்றாக இருந்தது, உப்புதான் கொஞ்சம் குறைவு.

அன்று காபி குடிக்கும்போது உன் அக்காவிடம் என்ன சொன்னாய்? வெள்ளிக்கிழமை நடக்கிற கடைசி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் ஆண்டர்ஸை உட்கார வைத்துவிட்டு, கோவாலிக் வீட்டுப் பையனைப் பந்தெறிகிற குவார்ட்டர்பேக்காக இறக்கப் போகிறாயாம். நீ பள்ளியின் கோச், உன் இஷ்டம். ஆனால் என் மகனுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம், இதை விட்டால் இனி ஆட்டமே கிடையாது. போன வாரம் மூன்று பந்துகளை எதிரணியின் கையில் கொடுத்தான், நாலாவதை நடுவரின் மார்பில் எறிந்தான், ஒப்புக்கொள்கிறேன். தப்பு அவன் கையில் இல்லை, பந்தின் காற்றில் இருக்கிறது. காற்று என் தொழில். முப்பது வருடமாக இந்த ஊர்ச் சக்கரங்கள் என் காற்றில்தான் ஓடுகின்றன.

நீ எங்கே காற்றடிக்கிறாய்? பள்ளியின் பாய்லர் அறையில். அங்கே வேர்த்துக் கொட்டும். பதின்மூன்று பவுண்டு காட்டிய பந்தை உறைகிற மைதானத்துக்குக் கொண்டுபோனால் காற்று சுருங்கிப் பதினொன்றுக்கு இறங்கிவிடும். மெத்தென்ற பந்து விரலில் தங்கும், சுழற்சி கெடும், பந்து தள்ளாடும். அவரவர் பந்தை அவரவர் கொண்டுவருவது நம் ஆட்ட வழக்கம், அதனால் எதிரணிக்கு இந்தக் கஷ்டமே இல்லை.

நேற்று கடைக்குப் பின்னால் டிராக்டர் டயரைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தேன். பத்தடியில் பதின்மூன்று பவுண்டுப் பந்து டயருக்குள் நேராகப் போனது. எட்டு பவுண்டுப் பந்தும் போனது. பிசைந்த மாவு மாதிரி இருந்த பந்தும் போனது. தொண்ணூறு அடி தள்ளி நின்றதும் எந்தப் பந்தும் போகவில்லை, பக்கத்து வீட்டு ஸ்லெட்டன் அம்மாளின் தபால் பெட்டிதான் போனது. இதிலிருந்து என்ன தெரிகிறது? தூரம் போகப் போகக் குளிர்காற்று பந்தை இன்னும் சுருக்குகிறது. இதை எந்தப் புத்தகத்திலும் நீ படித்திருக்க மாட்டாய்.

பையனின் உறுதியைப் பார், கண்ணை இடுக்கிக்கொண்டு எப்படிக் குறி பார்க்கிறான்! மெத்துப் பந்தைப் பிடித்துப் பிடித்து மூளையே களைத்துவிட்டது போலிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அம்மாவின் வண்டி என்று பாதிரியாரின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, பசிக்குதும்மா, சீக்கிரம் ஓட்டு" என்றிருக்கிறான். பாவம், அவரும் ஓட்டிவந்து வீட்டில் விட்டுப் போனார்.

ஆகவே வெள்ளிக்கிழமைப் பந்துகளை என்னிடம் கொடு. மைதானத்துக் குளிரிலேயே நின்று பதின்மூன்று பவுண்டு அடித்துத் தருகிறேன். ஆண்டர்ஸை இறக்கு. அவன் பந்தை நழுவவிட்டால் இந்தக் கடையின் பலகையை நானே கழற்றுகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உன் முழங்காலையும் உன் முடிவையும் நல்லபடி நடத்தட்டும்.

இப்படிக்கு,
ஆர்லோ ஹேகன்

பின்குறிப்பு: உறைக்குத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த, தூரத்தைப் பார்க்க நான் போடுகிற கண்ணாடியை ஆண்டர்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைப்போல நடந்து காட்டி உன் அக்காவைச் சிரிக்க வைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா, தண்ணித் தொட்டியில நம்ம ஊர் பேரை எப்ப எழுதினாங்க?"

எழுதி மூன்று வருடமாகிறது, டுவேன். ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரம்.

ஊர் முழுக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்த நான், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் கண்ணைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் போகிறோம். அவர் சரி என்று சொல்லும்வரை அவனை இறக்காதே, கோவாலிக் பையனே ஆடட்டும். ஆண்டர்ஸ் என் கண்ணாடியோடு பெஞ்சில் இருப்பான். போகட்டும் அப்பா, ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்கிறேனே என்கிறான்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பதின்மூன்று பவுண்டை மட்டும் வைத்துக்கொள், அது சரியான கணக்கு.