கியாரண்டி இளைத்த கதை

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த முறை நலம்தான் இங்கே தொல்லையே. தங்கள் மகன் மிக மிக நலமாக இருக்கிறான். அதைப் பற்றி முறையிடவே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன், அத்தைதான் எடுப்பார்கள், பாதியில் அழுவார்கள், விஷயம் தங்கள் காதுக்கு வந்து சேராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஒன்றாம் தேதியோடு நம் நாற்காலிக் கடையை விட்டுப் போகிறேன் என்கிறான் தங்கள் மகன். தாங்கள் தகப்பன் என்ற முறையில் 'போகக்கூடாது' என்று அவனுக்கு ஒரு வரி எழுத வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறான். தங்கள் மகளைச் சொல்லச் சொன்னால், தம்பியை விட்டுவிட்டு என்னை முறைக்கிறாள். தங்கள் பேச்சை மட்டும்தான் அவன் இன்றுவரை தட்டியதில்லை.

கடையில் அவன் பார்த்த வேலை தங்களுக்குத் தெரியும் என்றாலும் அதன் அருமை தெரியுமோ என்னவோ. பின்கட்டில் மேஸ்திரி ஒரு நாற்காலியை முடித்ததும் அதை முன்கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைப்பார். வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். தங்கள் மகன் மெதுவாக நடந்து வந்து, மெதுவாக உட்காராமல், தொப்பென்று விழுவான். பின்னால் சாய்வான், முன்னங்கால் இரண்டும் தூக்கும்படி ஆடுவான், யாரோ கூப்பிட்டதுபோல இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பான், எழுந்துவிடுவான். நாற்காலி முனகவில்லை என்றால் அடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. முனகிற்று என்றால் மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். நூற்று நாற்பத்தெட்டு கிலோ மாமா. எந்தக் கடைக்காரனிடம் இருக்கிறது இப்படி ஒரு சோதனை? வாடிக்கையாளர்கள் அவன் பெயரையே மறந்து 'கியாரண்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கியாரண்டி உட்கார்ந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விலையைக் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் கடை ஓடிற்று.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த உடம்பு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. சோதிக்க உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கிவிடுவான். வாங்க வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போவார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் என்பதால் முகத்தில் ஒரு குழாய் மாட்டிக்கொண்டுதான் படுப்பான். சர்க்கரைக்கு ஊசி, ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை. பட்டினி கிடந்து ஐந்து கிலோ இறக்குவான், அடுத்த மாதம் அது இரண்டு கிலோ வட்டியோடு திரும்பி வரும். கடைசியில் இரைப்பையைச் சிறிதாக்குகிற அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து (மட்டமான நாற்காலி, அது வேறு கதை) பல வருஷம் கழித்தும் இதனால் என்னென்ன நன்மை என்று விளக்கினார். நான் வியாபாரப் புத்தியில், எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு ஏற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. சாப்பாட்டையும் நடையையும் இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்து மாத்திரை ஆயுளுக்கும் போட வேண்டும், வருஷாவருஷம் வந்து காட்ட வேண்டும், அப்படி இருந்தால் பலன் நிற்கும் என்றார். நம் குடும்பத்தில் யார் எதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள், இவன் பார்த்துக்கொள்ள? மூச்சு சரியாகும், உடம்பு என்னவோ பழையபடி வந்துவிடும் என்ற தைரியத்தில் நானும் சரி என்றேன்.

பார்த்துக்கொண்டான் மாமா. நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறான். முதலில் ஊசி நின்றது. மூன்று மாத்திரை ஒன்றாகி, ஒன்று பாதியாயிற்று. மூச்சுக் குழாய் பரண் மேல் போயிற்று. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறான். சர்க்கரை போயே போய்விட்டதா என்று டாக்டரைக் கேட்டேன். போய்விட்டது என்று சொல்லாதீர்கள், அடங்கி இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்றார். அடங்கியது எழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று ஆவலோடு கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார். ஈரலில் படிந்திருந்த கொழுப்புகூடக் கரைந்துவிட்டதாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்; இது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, அந்தக் கட்டெறும்பும் காலையில் எழுந்து ஓடப் போகிறது. டாக்டர் கத்தி வைத்தது அவன் வயிற்றில், அடி விழுந்தது என் வயிற்றில். மூன்றாம் வருஷம் நாலைந்து கிலோ ஏறினான். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே ஒரு பெரிய கேக் வாங்கி வந்து, ரொம்ப நாளாயிற்றே, ஒரு துண்டு எடுத்துக்கொள் என்று உபசரித்தேன். மரியாதைக்கு ஒரு துண்டு சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டிற்று, நெஞ்சு படபடத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அளவுக்கு மீறிய இனிப்பு ஆகாதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் தேறி எழுந்த பிறகுதான் மீதிக் கேக்கை நிம்மதியாக நான் சாப்பிட்டேன். ஏறிய கிலோவை அவன் இரண்டே மாதத்தில் இறக்கிவிட்டான்.

இதற்கிடையில் கடை பட்ட பாட்டைக் கேளுங்கள். அவன் இளைத்த பிறகு எந்த நாற்காலியும் முனகுவதில்லை. எல்லாம் தேர்ச்சி, எல்லாவற்றுக்கும் கோடு. மேஸ்திரிக்கு ஒரே பெருமை. ஒரு வக்கீல் தன் அலுவலகத்துக்கு எட்டு நாற்காலி வாங்கிப் போனார். கட்சிக்காரரிடம், கவலையை விடுங்கள், நம் பக்கம் பலமாக இருக்கிறது என்று சொல்லிச் சாய்ந்திருக்கிறார், பின்னங்கால் விட்டுவிட்டது. கட்சிக்காரர் அன்றைக்கே வேறு வக்கீலைத் தேடிப் போய்விட்டாராம். சரி, ஆள் இல்லை என்றால் மூட்டையை வைப்போம் என்று மணல் மூட்டை கட்டி ஏற்றினேன். மூட்டை ஆடாது, சாயாது, திரும்பிப் பார்க்காது. ஒருநாள் வாடிக்கையாளர் காலடியில் வெடிக்க மட்டும் செய்தது. பிறகு மேஸ்திரி மடியில் கணக்கரை உட்காரவைத்தோம். எடை சரியாக வந்தது. ஆனால் மேசை பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து மேஸ்திரியும் கணக்கரும் பேசிக்கொள்வதில்லை.

வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது பாருங்கள், நான் உட்கார்ந்தால் பாதி நாற்காலி முனகுகிறது. போன மாதம் இரண்டு முறிந்தே போயிற்று. மேஸ்திரியே வாயைத் திறந்து, "இப்பத்தான் முதலாளி பழையபடி சரியா முறியுது" என்றார். தொழில் நுணுக்கம் என்பது வயதானால்தான் கைவருகிறது. உழைப்புதான் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது, மத்தியானம் கல்லாவிலேயே கண் அசந்துவிடுகிறேன், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இந்தச் சட்டைத் துணியெல்லாம் துவைத்தால் சுருங்குகிற மட்டரகத் துணியாகப் போயிற்று. போதாததற்கு நான் குறட்டை விடுகிறேன் என்று தங்கள் மகள் ஓர் அபாண்டம் சொல்கிறாள். தங்கள் மகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி ஒரு கிண்ணம்தான் சாப்பிடுவான் என்பதை அவள் மனசு இன்னும் ஒப்பவில்லை. எனக்கும் அவனுக்குமாகக் கடைக்கு அனுப்புகிற கேரியரில் இன்றைக்கும் பழைய அளவுதான். அவன் நாலு வாய் நிதானமாக மென்று தின்றுவிட்டு, போதும் அத்தான் என்று தள்ளி வைப்பான். மிச்சம் திரும்பி வந்தால் அவள் முகம் சுண்டிப் போகும். சாப்பாட்டை வீணாக்கவும் கூடாது. நாலு வருஷமாக அந்தக் கேரியர் காலியாகத்தான் வீட்டுக்குப் போகிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் குண்டைத் தூக்கிப் போட்டான். ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தானாம். உடம்பைச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்களாம். தாங்கள் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பஸ்ஸில் இரண்டு பேர் இடத்துக்கு டிக்கெட் எடுத்தவன். நடுவழியில் நுழைய முடியாமல் படியோரம் நின்றே வந்தவன். அவன் இப்போது அந்த நடுவழியில் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் கொடுக்கப் போகிறானாம். இங்கே என்ன குறை வைத்தேன், உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருகிறதே என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை.

"அத்தான், நாப்பது வயசு ஆகப்போவுது எனக்கு. இதுவரைக்கும் உக்காந்ததுக்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கேன். கொஞ்ச நாள் நின்னு பாக்குறேனே."

மாமா, வக்கீல் போனால் இன்னொரு வக்கீல் வருவார், நாற்காலி முறிந்தால் மேஸ்திரி இருக்கிறார். ஆனால் பதினாறு வருஷமாகக் கடையைத் திறந்ததும் நான் முதலில் பேசுகிற ஆள் அவன்தான். எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது. அவன் பக்கத்தில் இல்லாத கல்லாவில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பழையபடி குண்டாக வேண்டாம். சும்மா இருந்தால் போதும், உட்காரக்கூட வேண்டாம். ஆகவே தாங்கள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் கண்டிப்பாக எழுதவும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவோடு பார்த்துக்கொண்டால் போதும்.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
மாப்பிள்ளை.

பி.கு.: மாமா, இந்தக் கடிதத்தை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலில் போடக் கிளம்பினேன். அப்போது பார்த்து ஒருவர் நாற்காலி கேட்டு வந்தார். உட்கார்ந்து காட்டினேன். நாற்காலி முனகவில்லை, நான்தான் முனகினேன். எழுந்திருக்க முடியவில்லை. கண் இருட்டிற்று, நெஞ்சை என்னவோ அழுத்திற்று, சட்டை முழுக்க வியர்வை. கடை வண்டி சரக்கு இறக்கப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி வர நேரமாகும் என்றார்கள். கியாரண்டி யாரையும் எதுவும் கேட்கவில்லை. விற்பனைக்கு நிறுத்தியிருந்த சக்கர நாற்காலிகளில் ஒன்றை, அதுதான் அலுவலகத்தில் சுற்றிக்கொண்டு உட்காருவார்களே, அதை இழுத்து வந்து என்னை அதில் மாற்றினான், தெருவில் இறக்கினான், ஓட ஆரம்பித்தான். இரண்டு திருப்பம் தள்ளி ஆஸ்பத்திரி. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கப்படவும் தெம்பில்லை. அவன் முகம் என் தலைக்கு மேலே இருந்தது. அவ்வளவு தூரம் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடியும் அவனுக்கு மூச்சு இரைக்கவில்லை. பழைய கியாரண்டியாக இருந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே எனக்குப் பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருப்பான்.

இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம், ஆகப் பார்த்ததாம். சர்க்கரையும் அழுத்தமும் அவர்கள் கருவியையே பயமுறுத்திவிட்டன. எடை பார்த்தார்கள். கியாரண்டியின் பழைய எடைக்கு ஒன்பது கிலோதான் பாக்கி. கேரியரைப் பற்றித் தங்கள் மகள் டாக்டரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். எனக்கும் அதே அறுவை சிகிச்சை நல்லது, அதற்கு முன் சில வாரம் பரிசோதனையும் பத்தியமும் என்று முடிவாகியிருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், நர்ஸ் தாள் தர மறுக்கிறார், பேசாமல் படுங்கள் என்கிறார். கடித உறையைப் பிரித்து, மிச்சம் இருந்த இடத்தில் நுணுக்கி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கியாரண்டி இப்போது போகமாட்டேன் என்கிறான். அத்தானுக்கு ஆபரேஷன் ஆகிற வரைக்கும் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், கண்டக்டர் வேலை வேண்டாம் என்று ஒன்றாம் தேதி போய்ச் சொல்லிவிடப் போகிறானாம். நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. அதனால் மேலே போகக்கூடாது என்று எழுதச் சொன்னேனே, அதே கண்டிப்போடு போகச் சொல்லி எழுதுங்கள். வேண்டாம், எழுதினால் நாளாகும். போனிலேயே சொல்லுங்கள், அத்தை எடுத்து அழுதாலும் பரவாயில்லை. கடையை மேஸ்திரியும் கணக்கரும் பார்த்துக்கொள்வார்கள், அந்தச் சாக்கிலாவது பேசிக்கொள்வார்கள்.

"பஸ் எங்க போயிடப் போவுது அத்தான்" என்கிறான் என்னிடம். போய்விடும் மாமா. பஸ் இருப்பதே போவதற்குத்தான். அவனை அதில் ஏற்றிவிடுங்கள்.